துக்கத்துக்கு ஒரு பட்டன்

புதிதாக வருகிற மென்பொருள் எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. வயசாகிவிட்டது, அதனால்தான் புலம்புகிறாள் என்பார்கள். சொல்லட்டும். மற்றவர்களுக்கு இணையத்தளம் கட்டிக் கொடுத்து வயிறு வளர்க்கிறவள் நான். ஒரு பட்டன் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் ஒரு காரியம் நடக்க வேண்டும். என் தொழில் அவ்வளவுதான். அந்த ஒரு பட்டனுக்கு இன்றைக்கு என்னென்ன வேண்டுமாம் தெரியுமா? ஒரு கட்டமைப்பு, அதன் தலையில் இன்னொரு கட்டமைப்பு, இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு கருவி, அந்தக் கருவியைப் புதுப்பிக்க ஒரு கருவி. கட்டளையைத் தட்டிவிட்டுக் கீழே போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தாலும் இன்னும் எதையோ இறக்கிக்கொண்டே இருக்கும். எதை என்று எவனுக்கும் தெரியாது. ஊர் பேர் தெரியாத யாரோ எழுதிப் போட்டதையெல்லாம் நம் வீட்டுக்குள் கூட்டி வந்து நடுக்கூடத்தில் உட்கார வைக்கிறோம். அடுத்த வருஷம் அவனே அதைக் கைகழுவிவிட்டு வேறொன்றைத் தொடங்கிவிடுவான். நாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இப்போது வந்திருக்கிறதே, நமக்குப் பதிலாகத் தானே நிரல் எழுதுகிற எந்திரம், அதைத்தான் எனக்குக் கண்டாலே ஆகவில்லை. என்ன சொன்னாலும் அருமையான யோசனை என்கிறது. திட்டினால் நீங்கள் சொல்வது மிகச் சரி என்கிறது. வேலை பார்த்த இடங்களில் எத்தனையோ ஜால்ராக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது பதவி உயர்வு வேண்டியிருந்தது. இதற்கு எதற்கு ஜால்ரா?

எங்கள் அலுவலகம் ஜாலான் புசாரில், ஆணியும் குழாயும் விற்கிற ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். கெட்டவன் கிடையாது. நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் சின்னச் சின்னக் கடைகளுக்குத் தளம் செய்து கொடுக்க ஆரம்பித்தோம். ஆனால் புதுசு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. புதுக் கைப்பேசி, புதுக் கடிகாரம், புது உணவுக்கட்டுப்பாடு, எல்லாவற்றிலும் விழுந்து எழுந்தவன். இந்த எந்திரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் மேசைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவை யூஸ் பண்ணிப் பாருலா. உன் ஒரு வார வேலைய லஞ்சுக்கு முன்னாடி முடிச்சிடும்."

"அது என்ன எழுதியிருக்குன்னு யாரு படிச்சுப் பாக்குறது?"

"அதையும் அதுகிட்டயே படிக்கச் சொல்லலாம்."

இப்படிப் பதில் சொல்கிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? சோதனை எல்லாம் பச்சை காட்டுது பார் என்று திரையை என் பக்கம் திருப்புவான். நிரல் சரியாக ஓடினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அந்தச் சோதனைகளையும் அதே எந்திரம்தான் எழுதியது. தன் விடைத்தாளைத் தானே திருத்தி முழு மதிப்பெண் போட்டுக்கொள்கிற மாணவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? நான் கேட்டேன். அவன் சிரித்தான்.

எங்களிடம் தளம் செய்துகொண்டவர்களில் ஃபேரர் பார்க்கில் கேட்டரிங் நடத்துகிற ஓர் அக்காவும் உண்டு. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் சமைப்பார். ஆனால் அவர் கடைக்குப் பேர் வந்தது துக்க வீடுகளில்தான். ஒருவர் போய்விட்டால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. மண்டாய் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, தலைக்குக் குளித்துவிட்டு உட்காருகிறவர்களுக்கு அக்காவின் சோறும் பருப்பும் ரசமும் சூடாகக் காத்திருக்கும். இனிப்பு கிடையாது. வேன் ஓட்டுகிற அண்ணன் பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிடுவார்.

"சாவு வீட்ல வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. நாமளும் வரேன்னு சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம்" என்று தளம் செய்யச் சொன்ன அன்றே அக்கா எனக்கு விளக்கினார். "வரேன்னு சொன்னா மறுபடியும் அந்த வீட்டுக்கு அந்த மாதிரி வர்றதா ஆயிடும். அதனால என் கடையில துக்கத்துக்கு நன்றியும் கிடையாது, மீண்டும் வருகவும் கிடையாது. புரியுதா?"

"எனக்குப் புரியாதாக்கா? நானும் தமிழ்ப் பொண்ணுதான்."

"உனக்குப் புரியுது. உன் கம்ப்யூட்டருக்குப் புரியணுமே!"

அவர் தளம் கேட்டதற்குக் காரணமே துக்க வீடுகள்தான். ஆர்டர் சொல்லப் போனில் கூப்பிடுகிறவர்களுக்குப் பாதியில் அழுகை வந்துவிடும். அடுக்குமாடி வீட்டின் புளோக் எண்ணைச் சொல்லத் தொடங்கி அப்படியே நின்றுவிடுவார்கள். எத்தனை பேருக்கு என்று கேட்க அக்காவுக்கு நாக்கு எழாது. "அவங்களைப் பேச வைக்காத ஒண்ணு எனக்கு வேணும்" என்றார். இத்தனை காலத் தொழிலில் என்னிடம் இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன ஆள் வேறு யாரும் இல்லை.

செய்தேன். பக்கத்தைத் திறந்ததும் இரண்டே பட்டன்கள். ஒன்று நல்ல காரியம், இன்னொன்று துக்கம். நல்ல காரியத்தில் படம், பட்டியல், வாழ்த்து, வாட்ஸாப் செய்தி எல்லாம் உண்டு. துக்கம் என்பதை அழுத்தினால் வெள்ளைப் பக்கம். புளோக், வீட்டு எண், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, ஒரு கைப்பேசி எண். அனுப்பினால் ‘சாப்பாடு வந்துவிடும்’ என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றும் வராது. வேன் அண்ணனைப் போலத்தான் என் பக்கமும் நடந்துகொண்டது. அந்த இடத்துக்கு மேலே நிரலுக்குள் தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: துக்கம் என்றால் இதற்குப் பிறகு எதையும் அனுப்பாதே. எத்தனையோ பெரிய கடைகளுக்கு எவ்வளவோ எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றும் நடக்காத இடம்தான். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பக்கம் இப்படியே இருக்கட்டும் என்று துக்கம் முடிந்தபின் அக்காவிடம் வந்து சொன்னவர்களும் இருந்தார்கள்.

முதலாளி பழைய தளங்களையெல்லாம் எந்திரத்தைக் கொண்டு புதுப்பிக்கப் போகிறேன் என்றபோது, எதை வேண்டுமானாலும் செய், அக்கா தளத்தில் மட்டும் கை வைக்காதே என்றேன். சரி சரி என்றான். அந்தச் சமயத்தில் என் மகளுக்குப் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. விடுப்பு எடுத்துக்கொண்டு தோ பாயோவில் வீட்டோடு இருந்தேன். ஒருநாள் காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, எங்கள் புளோக்குக்கு எதிர்ப்புறம் இருக்கிற புளோக்கின் கீழே வெள்ளைத் துணி கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு கடந்து வந்தேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "கடைக்கு வா" என்றார். வழக்கமாக என் மகள் சாப்பிட்டாளா, படித்தாளா என்று கேட்காமல் போனை வைக்க மாட்டார். அன்று அந்த ஒரு சொல்லோடு வைத்துவிட்டார்.

கடையில் மதிய வேலை ஓய்ந்திருந்தது. அக்கா தன் கைப்பேசியை என் முன்னால் தள்ளினார். முகவரி எங்கள் எதிர் புளோக்; அந்த வெள்ளைத் துணி கட்டியிருந்த வீட்டுப் பெண் தனக்கு வந்ததை அனுப்பியிருந்தாள். துக்கம் என்ற பட்டனை அழுத்திச் சாப்பாடு சொன்னவளுக்கு வந்த செய்தி. ‘நன்றி! உங்கள் கொண்டாட்டம் உறுதியாகிவிட்டது! அடுத்த ஆர்டருக்குப் பாயசம் இலவசம். மீண்டும் வருக!’ முன்னும் பின்னும் பலூன். கீழே இன்னொன்று, சாப்பாடு போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. ‘உங்கள் விழா எப்படி இருந்தது? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

"அக்கா, இது நான் எழுதினது இல்ல" என்றேன்.

"தெரியும். உன் கை இல்லன்னு பாத்த உடனே தெரிஞ்சுச்சு." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அந்தப் பொண்ணு திட்டியிருந்தா தேவலை. திட்டவே இல்ல. ‘ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. வீட்ல இப்ப அப்பாவும் நானும் மட்டும்தான் இருக்கோம். அடுத்த ஆர்டர்னு போட்டிருக்கீங்களே, அது எங்க ரெண்டு பேர்ல யாருக்கு?’ன்னு கேட்டா. நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

அக்கா ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தார். தொடாமல் எழுந்து வந்தேன்.

ஃபேரர் பார்க்கிலிருந்து ஜாலான் புசாருக்கு வெயிலில் நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. மாடிப்படியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். முதலாளி என்ன என்ன என்று எழுந்து நின்றான். அக்கா எனக்கு அனுப்பிவைத்த அந்தச் செய்தியைத் திறந்து, கைப்பேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"அலாமா" என்றான். மறுபடி படித்தான். "ஆனா டெஸ்ட் எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?"

"பச்சைய கொண்டு போய் குப்பையில போடு! உங்கப்பா தவறினப்ப உன் வீட்டுக்குச் சாப்பாடு எங்கேர்ந்து வந்துச்சு?"

அக்கா கடையிலிருந்துதான் வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். அழுது வீங்கிய கண்ணோடு அவன் அந்த ரசத்தைக் குடித்தது எனக்கு நினைவிருக்கிறது.

"அன்னைக்கு யாராச்சும் வாசல்ல வந்து நின்னு மீண்டும் வருகன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

"நான் படிக்கல லா" என்றான் கடைசியில். "அது லிஸ்ட் கொடுத்துச்சு. எல்லாம் நல்லா இருக்குன்னு ஓகே பண்ணிட்டேன். உன் அக்கா சைட்டும் அதுல சேந்து போயிடுச்சு."

எந்திரம் என்ன செய்தேன் என்று ஒரு விவரம் எழுதி வைத்திருந்தது. ஆங்கிலத்தில், அழகாக, புள்ளி வைத்து. ஆர்டர் செய்த பிறகு வாடிக்கையாளருக்குப் பதில் போகாத குறை கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது. அரைகுறையாக விடப்பட்ட வேலையைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று நீக்கப்பட்டது. அந்தப் பழைய குறிப்பு நான் தமிழில் எழுதியதுதான். அதைப் படித்திருக்கிறது. அர்த்தமும் தெரிந்திருக்கிறது. இப்படி ஒருத்தி வேண்டுமென்றே பேசாமல் இருப்பாள் என்று மட்டும் அதற்குத் தோன்றவே இல்லை. பதில் சொல்லாமல் விட்டால் அது வேலையை முடிக்காமல் விட்டதாம்.

ஆத்திரம் தாங்காமல் அதோடு பேசுகிற பெட்டியிலேயே தட்டினேன். இது சாவு வீடு, இங்கே எதற்கு நன்றி சொன்னாய் என்று கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. நீங்கள் சொல்வது மிகச் சரி. மன்னிக்கவும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏற்ற மாதிரி கனிவான நன்றிச் செய்தியாக மாற்றலாம். சில மாதிரிகள் எழுதித் தரட்டுமா?

பாருங்கள், அப்போதும் அதற்கு வாயை மூடத் தெரியவில்லை! எங்கள் ஊர்க் குழந்தைகூட அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் தானாக வாயை மூடிக்கொள்ளும். உலகத்தில் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறதாம் இந்த எந்திரம். யாரும் எழுதாமல் விட்டதை இது எங்கே போய்ப் படிக்கும்?

அந்த மதியமே பழைய நிரலை எடுத்துத் திரும்ப வைத்தேன். குறிப்பையும் பழைய இடத்தில் வைத்தேன். முதலாளி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியையும் பார்த்தான். அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். வேண்டாம், நேரில் போ என்றேன். போனான்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அக்கா அந்த வீட்டுக்குப் போய்ப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மன்னிப்பு என்று எதுவும் பேசவில்லையாம். அதற்குப் பிறகு பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அந்த வீட்டிலிருந்து ஆர்டர் வருமா என்று காத்திருந்தார். அக்கா சாப்பாடு கொண்டுபோன வீட்டில் பதினாறாம் நாளும் அக்காதான் சமைப்பார், அது எழுதாத வழக்கம். அந்த ஆர்டர் வந்தால் மன்னித்துவிட்டார்கள் என்று பொருள். நானும் தினமும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. தேக்கா சந்தையில் இலை வாங்கப் போன இடத்தில், அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஒருவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அத்தோடும் போகவில்லை. துக்கத்துக்குச் சாப்பாடு சொல்ல வேண்டியிருந்த வேறு ஒரு குடும்பம் பட்டனை விட்டுவிட்டுப் போனில் கூப்பிட்டது. அழுகைக்கு நடுவில் ஒரு கேள்வியும் கேட்டார்கள்: மெசேஜ் எதுவும் வராதுல்ல?

அக்கா என்னை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை சாப்பிட வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அந்த துக்கம் பட்டனை எடுத்துடு."

"அக்கா, நான்தான் பழையபடி சரி பண்ணிட்டேனே! இப்ப ஒண்ணும் போகாது."

"இப்ப போகாது. நாளைக்கு?" அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். "இன்னொரு புது சாமான் வரும். உன் ஃபிரெண்டு ஓகே பண்ணுவான். இல்ல, அதுவே தன்னைத் தானே புதுசாக்கிக்கும், நீயே சொல்லியிருக்க. மறுபடியும் இப்படி நடக்காதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண முடியுமா உன்னால?"

பண்ண வாய் வந்தது. பண்ண முடியவில்லை. நான் விடுப்பில் போவேன், என்றைக்காவது வேலையை விட்டே போவேன். அந்த இடம் மட்டும் சும்மா இருக்க வேண்டும் என்று காவல் காக்க யார் இருப்பார்கள்? கருவி செய்து விற்கிற ஒருத்தனுக்கும் அது தேவையில்லை. வரவர எதைத் தொட்டாலும் பேசுகிறது, வாழ்த்துகிறது, நட்சத்திரம் கேட்கிறது. இப்படிப்பட்ட உலகத்தில் நான் எந்தத் தைரியத்தில் சத்தியம் செய்வது?

"அப்ப அவங்க எல்லாரும் மறுபடி போன்ல அழணுமேக்கா" என்றேன்.

"அழட்டும். நான் கேட்டுக்கறேன்."

அவர் கடை மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். உள்ளே யாரோ கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பக்கத்தை நீக்கினேன். ‘சாப்பாடு வந்துவிடும்’ என்ற அந்த ஒரே வரியை நீக்கினேன். எதையும் அனுப்பாதே என்ற குறிப்பை நீக்கினேன். துக்கம் என்று இருந்த இடத்தில் அக்காவின் போன் எண்ணைப் போட்டேன். சோதனையை ஓட்டினேன். எல்லாம் பச்சை. அக்கா தன் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பையை மாட்டிக்கொண்டேன். அந்தக் கடையிலிருந்து வரேன்க்கா என்று குரல் கொடுக்காமல் ஒருநாளும் நான் கிளம்பியது கிடையாது. அன்று சொல்லத் தோன்றவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பேசாமல் தெருவில் இறங்கிவிட்டேன்.

"ஏய், நில்லு!"

திரும்பினேன். அக்கா கரண்டியோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம போற? இங்க யாரும் சாகல. சொல்லிட்டுப் போ."

தெருவில் நாலு பேர் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, வரேன்க்கா என்றேன்.